அத்தியாயம் 7: கோப்புக்குள்ளே ஒரு வட்டு

புதுக்கோட்டைக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் குடுமியான்மலையில், மேலைக்கோயில் என்று வழங்கும் குடைவரையை ஒட்டிய பாறைச் சரிவில், பல்லவ கிரந்த லிபியில் வெட்டப்பட்டிருக்கும் இசைக் கல்வெட்டைப் படமெடுக்கப் போகிறவர் எவராயினும், அதை ஒரே படத்தில் அடக்கிவிடலாம் என்ற எண்ணத்தை முதல் நாளிலேயே கைவிட்டுவிடுவார். ஏழு கிராமராகங்களுக்குரிய ஸ்வரக் கோவைகள், நான்கு நான்கு ஸ்வரங்களாக, ஏழு பகுதிகளில் நெருக்கமாக நிறைந்திருக்கும் அந்தச் சாசனத்தில், சில எழுத்துகளின் தலைமேல் சிறு புள்ளிகளும் உண்டு. ஒரு புள்ளி உளியால் இடப்பட்டதா, அல்லது பல நூற்றாண்டுகளின் வெயிலும் மழையும் பாறையில் அரித்த குழியா என்று நிச்சயிக்க வேண்டுமானால், காலை வெளிச்சத்தில் ஒன்று, மாலைச் சாய்வெயிலில் ஒன்று, பக்கவாட்டில் விளக்குப் பிடித்து ஒன்று என்று, ஒரே சாண் அகலப் பரப்பைப் பலமுறை எடுத்தாக வேண்டும். பி. ஆர். பண்டார்கர் இதன் வாசகத்தை எபிகிராபியா இண்டிகாவின் 12ஆம் தொகுதியில் வெளியிட்ட காலத்தில் மைப்படிகள் பேழைகளில் அடங்கின. நம் காலத்துக் காமிராவின் மூலப்படம் ஒன்றே 25 எம்பி, 30 எம்பி என்று நிற்கிறது. இதனோடு சிகாநாதசுவாமி கோயிலின் சுவர்களிலுள்ள நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளையும், மண்டபத்துச் சிற்பங்களையும் சேர்த்துக்கொண்டால், தொகுப்பு சில வாரங்களிலேயே 30 ஜிபியைத் தாண்டிவிடுவதில் ஆச்சரியம் இல்லை.

இத்தகைய தொகுப்பைப் புதுக்கோட்டையில் ஒருவரும், தஞ்சாவூரில் ஒருவரும், சிங்கப்பூரில் ஒருவரும் ஒரே சமயத்தில் பார்த்துக் குறிப்பெழுத வேண்டும் என்ற அவசியத்தினால், டிராப்பாக்ஸ் போன்ற மேக ஒத்திசைவுக் கோப்புறையில் அதை வைப்பது பற்றி முந்திய அத்தியாயத்தில் கண்டோம். இலவசக் கணக்கின் 2 ஜிபி இதற்குப் போதாது, கட்டணக் கணக்கு வேண்டும் என்பதையும் அங்கே சொல்லியாயிற்று. அந்தக் கோப்புறை நம் கணினியில் இருக்கும் இடம், ஒத்திசைவு நிரலுக்கு ஏற்காத இடமாக அமைந்துவிட்டால் செய்ய வேண்டுவது யாது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

ஏற்காத இடம் என்று ஒன்று உண்டு என்பதை லினக்ஸ் பயனர் பலர் 2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில்தான் அறிந்தார்கள். அவ்வாண்டு நவம்பர் 7ஆம் தேதி முதல், லினக்ஸில் எக்ஸ்ட்-4 என்னும் கோப்பு முறைமையில் இருக்கும் கோப்புறையை மட்டுமே ஒத்திசைப்போம் என்று டிராப்பாக்ஸ் நிறுவனம் அறிவித்தது. கோப்பு ஒவ்வொன்றோடும் நிரல் ஒட்டிவைக்கும் கூடுதல் பண்புகளைக் கோப்பு முறைமை தாங்க வேண்டும் என்பது அதற்கு அவர்கள் சொன்ன காரணம். பி.டி.ஆர்.எஃப்.எஸ், எக்ஸ்.எஃப்.எஸ் ஆகியவையும் அத்தகைய பண்புகளை ஆண்டாண்டுகளாகத் தாங்கி வருபவையே ஆதலால், அந்தக் காரணம் அவற்றின் பயனர்களைத் திருப்தி செய்யவில்லை. நியாயமாகப் பார்த்தால், பல வகைக் கோப்பு முறைமைகளைப் பரிசோதித்துக் காக்கும் சிரமத்தைக் குறைத்துக்கொள்ளவே நிறுவனம் விரும்பியது என்று கருத இடமிருக்கிறது. எப்படியாயினும், 2019 ஜூலையில் அவர்களே சற்று இறங்கிவந்து, இசட்.எஃப்.எஸ், எக்ஸ்.எஃப்.எஸ், பி.டி.ஆர்.எஃப்.எஸ், எக்ஸ்ட்-4இன் மேல் அமைந்த இ-கிரிப்ட்-எஃப்.எஸ் ஆகியவற்றை மீண்டும் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே உங்கள் வீட்டுக் கோப்பகம் இவற்றுள் ஒன்றில் இருந்து, அதில் இடமும் போதுமானதாக இருந்தால், இந்த அத்தியாயத்தைப் புரட்டிவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

நம் பக்கத்து மடிக்கணினிகளில் நேரும் சங்கடம் வேறு. விண்டோஸும் லினக்ஸும் அருகருகே நிறுவப்பட்ட இயந்திரங்களே இங்கு மிகுதி. அவற்றில் லினக்ஸுக்கு என்று முப்பதோ நாற்பதோ ஜிபி மட்டும் ஒதுக்கிவிட்டு, மிச்சமுள்ள பெருவெளி முழுவதையும் டி டிரைவ் என்ற பெயரில் விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ் முறைமையில் விட்டுவைப்பது வழக்கம். படங்களுக்கு இடம் இருப்பது டி டிரைவில். லினக்ஸ் டிராப்பாக்ஸ் ஏற்காத முறைமையும் அந்த டி டிரைவிலேயே. பார்ட்டிஷன்களை அழித்துத் திருத்தி அமைப்பது சுத்தமான வழிதான் என்றாலும், அலுவலகக் கணினியிலும், பிள்ளைகளின் படிப்புக்கும் பயன்படும் கணினியிலும் அதற்குத் துணிகிறவர் குறைவு. அந்த நிர்ப்பந்தத்துக்கு ஏற்ற உபாயமே இது: டி டிரைவில் பெரிய கோப்பு ஒன்றைப் படைத்து, அந்தக் கோப்பையே ஒரு வட்டாகப் பாவித்து, அதனுள் எக்ஸ்ட்-4 முறைமையை அமைத்து, ஒத்திசைவுக் கோப்புறையை அதற்குள் குடியேற்றிவிடுவது. வீட்டின் சொந்தக்காரர் யாராயினும், கூடத்தில் வைத்த பத்தாயத்தின் பூட்டும் சாவியும் நெல்லுக்குடையவரிடம் இருப்பது போல, வெளியே என்.டி.எஃப்.எஸ் ஆட்சியும் உள்ளே எக்ஸ்ட்-4 ஆட்சியும் நடக்கும். லினக்ஸில் இதைச் சாத்தியமாக்கும் லூப் சாதனம் புதுமையானது அன்று. தியோடர் ட்ஸோ 1993 மார்ச்சில் எழுதிய நிரலிலிருந்து வளர்ந்தது அது. கணினிக்காரர் இமேஜ் ஃபைல் என்று சொல்லும் அந்தப் பெருங்கோப்பை இனி வட்டுக்கோப்பு என்று குறிப்பிடுவோம். இந்நூலின் மற்ற அத்தியாயங்களைப் போலவே இங்கும் கட்டளைகளின் பெயர்களைத் தமிழெழுத்தில் உச்சரிப்புப்படி தருகிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

வட்டுக்கோப்பைப் படைப்பதற்கு முன்பே கவனிக்க வேண்டியவை கோப்புகளின் பெயர்கள். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இந்த எச்சரிக்கை இராது. ஏனெனில் ஆங்கிலப் பெயர்களுக்கு இந்த விபத்து நேர்வதில்லை. எக்ஸ்ட்-4 ஒரு கோப்பின் பெயருக்கு 255 பைட் மட்டுமே இடம் தருகிறது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட், யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். அதிலும், மெய்யோடு சேர்ந்த உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாக எண்ணப்படும். குடுமியான்மலை என்ற பெயரில் நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்து ஏழு, குறியீடு 13, பைட் 39. ‘குடுமியான்மலை மேலைக்கோயில் இசைக்கல்வெட்டு மூன்றாம் பகுதி மாலை வெளிச்சம்’ என்று ஒரு படத்துக்குப் பெயரிட்டால் 201 பைட் ஆகிறது. எக்ஸ்ட்-4 அதை ஏற்கும். அதன் பின்னால் ‘இடப்பக்க மூலை அண்மைப் படம்’ என்று சேர்த்தீர்களானால் 274 பைட் ஆகி, வரம்பைக் கடந்துவிடும். என்.டி.எஃப்.எஸ் முறைமையோ பைட்டைக் கணக்கிடாமல் குறியீட்டையே கணக்கிட்டு 255 வரை அனுமதிப்பதால், 98 குறியீடு கொண்ட இந்தப் பெயர் அங்கே ஒரு தடையும் இன்றி இருந்திருக்கும். ஆண்டுக்கணக்காக விண்டோஸில் நிம்மதியாக இருந்த கோப்பு, எக்ஸ்ட்-4இல் நுழையும் வாசலில், பெயர் மிக நீளம் என்ற ஒற்றை வரிப் பிழைச் செய்தியோடு வெளியே நின்றுவிடும். ஆயிரக்கணக்கான வரிகள் ஓடும் திரையில் அந்த ஒரு வரியைக் கண்டுபிடிப்பார் யார்? வீட்டுக் கோப்பகத்தை இ-கிரிப்ட்-எஃப்.எஸ் கொண்டு மறைகுறியாக்கி வைத்திருப்பவருக்கு நெருக்கடி இன்னும் அதிகம். அங்கே வரம்பு 143 பைட். தமிழில் 47 குறியீட்டுக்கு மேல் செல்லாது.

ஆகவே முதலில் ஒரு சிறு பாஷ் ஸ்கிரிப்ட் எழுதிக்கொள்ளுங்கள். அதன் வேலை, கோப்புறை முழுவதையும் ஃபைண்ட் கட்டளையால் நடந்து, ஒவ்வொரு பெயரின் பைட் அளவையும் எண்ணி, 200ஐத் தாண்டியவற்றை ஒரு பட்டியலாக எழுதித் தருவது. அளவு பார்க்கும்போது எல்.சி-ஆல் என்ற சூழல் மாறிக்கு சி என்ற மதிப்பைக் கொடுத்துவிட வேண்டும். இல்லையேல் பாஷ் குறியீடுகளை எண்ணிக் காட்டுமே தவிர பைட்டுகளை எண்ணாது. பட்டியலில் வந்த பெயர்களைச் சுருக்கும் வேலையை ஸ்கிரிப்ட்டிடம் விடாமல் கையாலேயே செய்யுங்கள். எந்தச் சொல்லை வெட்டலாம் என்பது கல்வெட்டைத் தெரிந்தவருக்குத்தான் தெரியும்.

பெயர் பற்றிய மற்றொரு விஷயமும் உண்டு. மேலைக்கோயில் என்பதிலுள்ள கோ என்ற எழுத்தை, ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். இரட்டைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே போலத் தோன்றும். எக்ஸ்ட்-4க்கு அவை வெவ்வேறு பெயர்கள். மக்கின்டோஷ் கணினி ஒன்றிலிருந்து வந்த படங்கள் கலந்திருந்தால், ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் அருகருகே நிற்கும் விசித்திரத்தைக் காணலாம். கான்வ்-எம்வி என்ற சிறு கருவிக்கு என்.எஃப்.சி என்னும் விருப்பத்தைத் தந்தால் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். முதலில் அது என்ன செய்யப்போகிறது என்பதை மட்டும் காட்டும். செய் என்று வெளிப்படையாகச் சொன்னால்தான் செய்யும். அடக்கமான கருவி.

இனி வட்டுக்கோப்பு. டி டிரைவை லினக்ஸ் தொடங்கும்போதே, நிலையான ஓர் இடத்தில் மவுண்ட் ஆகும்படி எஃப்-எஸ்-டேப் கோப்பில் எழுதிவையுங்கள். கோப்பு மேலாளரில் சொடுக்கினால்தான் திறக்கும் என்ற நிலையில் இருக்கும் டிரைவ், பின்னால் எழுதப்போகும் ஸ்கிரிப்ட்டுக்கு நம்பகமானது அன்று. அந்த வரியில் நோஃபெயில் என்ற விருப்பமும் இருக்கட்டும். டிரைவில் ஏதேனும் கோளாறு என்றால் கணினியே தொடங்காமல் அவசர நிலை முனையத்தில் போய் நிற்பதை அது தவிர்க்கும். விண்டோஸ் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. விண்டோஸ் 8 முதல் வந்திருக்கும் விரைவுத் தொடக்கம் என்னும் வசதி, கணினியை அணைத்த பின்பும் டிரைவை முழுமையாக மூடாமல் பாதி உறக்கத்தில் விட்டுவைக்கிறது. அந்த நிலையில் லினக்ஸ் அதைப் படிக்க மட்டுமே திறக்கும், எழுத விடாது. அந்த வசதியை நிறுத்திவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

வெறும் அளவை மட்டும் அறிவித்து, உள்ளடக்கம் சேரச் சேர இடம் பிடித்துக்கொள்ளும் கோப்பை டிரங்கேட் கட்டளையால் நொடியில் படைக்கலாம். 40 ஜிபி என்று பட்டியலில் தெரியும். டியூ கட்டளையால் அளந்தால் ஏறத்தாழ ஒன்றும் இராது. பலர் இதைச் சிபாரிசு செய்கிறார்கள். எனக்கு இதில் சம்மதம் இல்லை. வெளியே இருக்கும் டிரைவ் என்றாவது நிரம்பிவிட்டால், உள்ளே இருக்கும் எக்ஸ்ட்-4, தனக்கு 40 ஜிபி இருக்கிறது என்ற நம்பிக்கையில் எழுதிக்கொண்டே போய், இல்லாத இடத்தில் எழுத முயன்று பழுதடையும். டிடி கட்டளையைக் கொண்டு பூஜ்யங்களால் முழு அளவையும் நிரப்பிப் படைப்பதே உத்தமம். அதற்குக் கால் மணியோ அரை மணியோ பிடிக்கலாம், ஒருமுறைதானே. எஃப்.ஏ.டி-32 முறைமையிலுள்ள பென் டிரைவில் இதைப் படைக்க முயல வேண்டாம். அங்கே 4 ஜிபியை எட்டும் கோப்பு இருக்க முடியாது. பி.டி.ஆர்.எஃப்.எஸ் பயனர்கள், கோப்பு வெறுமையாக இருக்கும்போதே சி-எச்-ஆட்டர் கட்டளையால் பெரிய சி என்ற குறியை அதற்கு இட்டுவிட வேண்டும். எழுதிய பிறகு இட்டால் பயன் இல்லை.

எம்.கே.எஃப்.எஸ் கட்டளையின் எக்ஸ்ட்-4 வடிவத்தை அந்தக் கோப்பின் மேல் ஏவினால் உள்ளே முறைமை அமைந்துவிடும். ஏவும்போது, எம் என்ற விருப்பத்துக்குப் பூஜ்யம் என்று கொடுக்க மறவாதீர்கள். இயல்பாக எக்ஸ்ட்-4 தன் பரப்பில் நூற்றுக்கு ஐந்து பங்கை நிர்வாகிக்கென்று ஒதுக்கிவைக்கிறது. கணினியின் முதன்மை வட்டுக்கு அது விவேகமான ஏற்பாடு. படங்களை மட்டும் வைக்கப்போகும் 40 ஜிபி வட்டுக்கோப்பில் 2 ஜிபி வீணாவதைத் தவிர வேறு பிரயோஜனம் இல்லை.

இதை எங்கே மவுண்ட் செய்வது என்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். நேரே பழைய டிராப்பாக்ஸ் கோப்புறையின் மேலேயே மவுண்ட் செய்தால் இரண்டு தொல்லைகள் உண்டு. எக்ஸ்ட்-4 தன் உச்சியில் லாஸ்ட்-அண்ட்-ஃபவுண்ட் என்றொரு கோப்புறையைத் தானே படைத்துக்கொள்ளும். அது நிர்வாகிக்கு மட்டுமே உரியது. சாதாரணப் பயனராக ஓடும் ஒத்திசைவு நிரல் அதைத் திறக்க முடியாமல் திகைத்துக்கொண்டிருக்கும். இரண்டாவது தொல்லை, மவுண்ட் ஆகாத நாளில் வெளிப்படும். அதைப் பிறகு சொல்லுகிறேன். ஆகவே வட்டுக்கோப்பைத் தனியான ஓர் இடத்தில் லூப் விருப்பத்தோடு மவுண்ட் செய்து, அதனுள் ஒரு கோப்புறையைப் படைத்து, சௌன் கட்டளையால் அதை உங்கள் பெயருக்கு உரிமையாக்கி, அந்த உட்கோப்புறையைப் பைண்ட் என்னும் விருப்பத்தால் பழைய டிராப்பாக்ஸ் கோப்புறை இருந்த இடத்தின் மேல் பொருத்துவது நல்லது. குறியிணைப்பு ஒன்றைப் போட்டுச் சமாளிக்கலாமே என்று தோன்றும். கோப்புறைக்கு வெளியே சுட்டும் குறியிணைப்புகளைப் பின்தொடர்வதை டிராப்பாக்ஸ் 2019இல் நிறுத்திவிட்டது என்பதை நினைவில் வைத்தால், அந்த ஆசை அடங்கிவிடும்.

பிரதி எடுக்கும் கிரமம் நேரானது. ஒத்திசைவு நிரலை நிறுத்துங்கள். நின்றதா என்று நிலை கேட்டு உறுதி செய்யுங்கள். தானே தொடங்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். பிறகு ஆர்-சிங்க் கட்டளையை ஏ, பெரிய எக்ஸ் என்னும் விருப்பங்களோடு ஏவிப் பழைய கோப்புறையிலிருந்து புதியதற்குப் படியெடுங்கள். பெரிய எக்ஸ் இல்லாவிட்டால் கூடுதல் பண்புகள் பின்தங்கிவிடும். மூலக் கோப்புறையின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு இடாமற்போனால், கோப்புறைக்குள் கோப்புறையாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். முடிந்ததும் ஆர்-சிங்க் திருப்பித் தரும் எண்ணைப் பாருங்கள். பூஜ்யம் என்றால் சுகம். 23 என்றால் சில கோப்புகள் விடுபட்டன என்று பொருள். நீளப் பெயர்கள் மறுபடியும் கண்முன் வந்துவிட்டன. அடுத்து, என், சி, ஐ என்ற விருப்பங்களைச் சேர்த்து மீண்டும் ஒருமுறை ஏவினால், எதையும் எழுதாமல், இரு பக்கத்துக் கோப்புகளின் உள்ளடக்கத்தையும் ஒப்பிட்டு வேற்றுமையை மட்டும் சொல்லும். நேரம் பிடிக்கும், தேநீர் அருந்தப் போகலாம். பிறகு பழைய கோப்புறையை அழிக்காமல், வேறு பெயரிட்டு ஒதுக்கிவையுங்கள். அது இருந்த இடத்தில் அதே பெயரில் ஒரு காலிக் கோப்புறையைப் படைத்து, மேலே சொன்ன பைண்ட் பொருத்தத்தை அதன் மேல் செய்யுங்கள்.

மறுபடி தொடங்கும்போது டிராப்பாக்ஸ் எல்லாவற்றையும் புதிதாக எண்ணத் தொடங்குவதைக் கண்டு, 30 ஜிபியும் மீண்டும் மேலேறப் போகிறதோ என்று கலங்க வேண்டாம். அது கோப்புகளை 4 எம்பி துண்டங்களாக்கி, ஒவ்வொன்றின் கைரேகையையும் வழங்கியில் உள்ளவற்றோடு ஒப்பிடுகிறது, ஒத்துப்போனவற்றை அனுப்புவதில்லை. கோப்புறைகள் ஆயிரக்கணக்கில் இருந்து, மாற்றங்களைக் கண்காணிக்க முடியவில்லை என்ற செய்தி வந்தால், ஐ-நோட்டிஃபை கண்காணிப்பு எல்லையை ஒரு லட்சமாக உயர்த்திவிடுங்கள்.

இவ்வளவும் ஒரு பிற்பகல் வேலை. இனிச் சொல்லப்போவதோ கணினி தொடங்கும் ஒவ்வொரு நாளைக்கும் உரியது. ஸ்கிரிப்ட் எழுதுவதற்கு உண்மையான காரணமும் அதுவே. ஒரு நாள் டி டிரைவ் திறக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டுக்கோப்பும் மவுண்ட் ஆகாது. பழைய இடத்தில் காலிக் கோப்புறை ஒன்று மட்டும் இருக்கும். ஒத்திசைவு நிரல் அந்தக் காலியைக் கண்டு, உரிமையாளர் எல்லாவற்றையும் அழித்துவிட்டார் என்று முடிவு கட்டுமானால், வழங்கியிலும் அழித்து, தஞ்சாவூரிலும் சிங்கப்பூரிலும் உள்ள கணினிகளிலும் அழிக்கச் சொல்லிச் செய்தி அனுப்பிவிடும். அல்லது காலியிடத்திலேயே எல்லாவற்றையும் மறுபடி இறக்கத் தொடங்கி, லினக்ஸுக்கு இருந்த சிறு இடத்தையும் அடைத்துவிடும். அழிந்தவற்றை 30 நாட்களுக்குள் மீட்டுக்கொள்ளலாம் என்பது மெய்யே. ஆயினும் அந்த மீட்பில் செலவாகும் பொழுதையும், மூன்று ஊர்களுக்கும் தொலைபேசியில் விளக்கம் சொல்லும் அவஸ்தையையும் எண்ணினால், அது நேராமல் காப்பதற்குச் சில வரிகள் எழுதுவது பெரிய காரியம் அன்று.

காவல் இரண்டு வேண்டும். முதற்காவல் அந்தக் காலிக் கோப்புறைக்கு. எதுவும் மவுண்ட் ஆகாத சமயத்தில் அதற்கு சி-எச்-ஆட்டர் கட்டளையால் ஐ என்ற குறியை இட்டுவிட்டால், அதனுள் எவரும், நிர்வாகியே ஆனாலும், ஒரு கோப்பைக்கூடப் படைக்க முடியாது; அதன் மேல் மவுண்ட் செய்வதற்கோ எந்தத் தடையும் இல்லை. இரண்டாங்காவல் ஸ்கிரிப்ட்டுக்குள் இருக்க வேண்டும். உட்கோப்புறையில் ‘காவல்’ என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பைப் படைத்துவையுங்கள். சிங்க்திங் என்னும் கட்டற்ற ஒத்திசைவு நிரல் இதே யுக்தியைத் தனக்குள்ளேயே கொண்டிருக்கிறது. தன் அடையாளக் கோப்புறையைக் காணாவிட்டால் அது வேலையையே நிறுத்திவிடும். டிராப்பாக்ஸை இதற்கு நம்பியிருப்பதைவிட நாமே பார்த்துக்கொள்வது மேல்.

தொடங்கும் ஸ்கிரிப்ட்டின் தலையில் செட் கட்டளைக்கு ஈ, யூ என்ற இரு விருப்பங்களையும் கொடுங்கள். நடுவில் ஒரு கட்டளை தவறினாலும், பெயர் தவறிய மாறி ஒன்றைப் பயன்படுத்தினாலும், மேலே போகாமல் அங்கேயே நிற்கும். பாதைகளை மாறிகளில் வைத்து, பயன்படுத்தும் இடங்களிலெல்லாம் இரட்டை மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். நம் கோப்புப் பெயர்களில் இடைவெளிகள் ஏராளம். முதலில் மவுண்ட்பாயிண்ட் கட்டளையால் டி டிரைவ் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அடுத்து, வட்டுக்கோப்பு இன்னும் மவுண்ட் ஆகவில்லையெனில், ஈ-டூ-எஃப்.எஸ்.சி.கே கட்டளையைப் பி என்ற விருப்பத்தோடு அதன் மேல் ஏவ வேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. அந்தக் கட்டளை பிழை எதுவும் இல்லையென்றால் பூஜ்யத்தையும், பிழையைக் கண்டு திருத்திவிட்டால் 1 என்ற எண்ணையும் தரும். 1 நல்ல செய்திதான். ஆனால் ஈ விருப்பம் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு ஸ்கிரிப்ட்டை நிறுத்திவிடும். ஆதலால் இந்த ஒரு கட்டளையின் விடையை மட்டும் தனியாக ஒரு மாறியில் பிடித்து, 1க்கு மேற்பட்டால் மட்டும் நிற்கும்படி எழுதுங்கள். பின்பு லூப் மவுண்ட், அதன்பின் பைண்ட் மவுண்ட், அதன்பின் ‘காவல்’ கோப்பு கண்ணுக்குத் தெரிகிறதா என்ற கேள்வி. எல்லாம் தேறினால்தான் கடைசி வரியில் டிராப்பாக்ஸ் தொடங்க வேண்டும். தானே தொடங்கும் வசதியை முன்பே அணைத்துவிட்டதனால், இந்த ஸ்கிரிப்ட்டின் வழியே தவிர அது எழுந்திருக்க வேறு வழி இல்லை. எங்கேனும் தேறாவிட்டால், எது தேறவில்லை என்பதைத் தமிழிலேயே ஒரு வரி எழுதிக் காட்டும்படி செய்துவிட்டால், வீட்டில் மற்றவர் கணினியைத் திறக்கும்போதும் காரணம் விளங்கும்.

நிறுத்தும் ஸ்கிரிப்ட், இதே படிகளைப் பின்னிருந்து முன்னாக நடக்கும். டிராப்பாக்ஸ் உண்மையில் ஓய்ந்த பிறகு பைண்டை விடுவித்து, பிறகு வட்டுக்கோப்பை விடுவிக்க வேண்டும். பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்தால், எந்த நிரல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று எல்-எஸ்-ஓ-எஃப் கட்டளையால் கண்டு மூடுங்கள். பெரும்பாலும் திறந்தபடியே விடப்பட்ட படம் பார்க்கும் நிரலாகத்தான் இருக்கும். எல் விருப்பத்தோடு சோம்பலாக விடுவிக்கும் வழக்கம் இங்கே ஆகாது. அது விடுபட்டது போலக் காட்டுமே தவிர, உள்ளே எழுத்து நடந்துகொண்டே இருக்கலாம்.

இடம் போதாமற்போனால், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வட்டுக்கோப்பின் வாலில் வேண்டிய அளவுக்குப் பூஜ்யங்களைச் சேர்த்து, ஈ-டூ-எஃப்.எஸ்.சி.கே கட்டளையை எஃப் விருப்பத்தோடு ஓட்டி, ரீசைஸ்-டூ-எஃப்.எஸ் கட்டளையை ஏவினால் போதும். டிடி கட்டளையில் வாலில் சேர்க்கும் விருப்பத்தை மறந்தால், அது தலையிலிருந்து எழுதத் தொடங்கிவிடும் என்பதனால், ஏவுவதற்கு முன் அந்த வரியை இன்னொருவரிடம் காட்டுங்கள். வட்டுக்கோப்பையே ஒத்திசைவுக் கோப்புறைக்குள் வைத்துவிடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டாம். திறந்திருக்கும் வட்டுக்கோப்பு ஒவ்வொரு கணமும் மாறுவது. பாதி மாறிய நிலையில் மேலேறிய பிரதியை வேறொரு கணினியில் இறக்கினால், அது திறக்காமலே போகக்கூடும். இதையும் சொல்லிவிட வேண்டும்: ஒத்திசைவு என்பது காப்புப் பிரதி ஆகாது, ஓரிடத்து அழிவை அது எல்லா இடத்துக்கும் விசுவாசமாகக் கொண்டுபோகும். மூலப்படங்களின் மற்றொரு பிரதி, மாதம் ஒருமுறை செருகிக் கழற்றும் வெளி வட்டு ஒன்றில் இருந்தே தீர வேண்டும்.

பெயர் மாற்றி ஒதுக்கிவைத்த பழைய கோப்புறையை எப்போது அழிப்பது என்று கேட்பீர்கள். கணினியைப் பலமுறை அணைத்து எழுப்பி, ஒருமுறை விண்டோஸுக்கும் போய்த் திரும்பி, இங்கே மாற்றிய ஒரு குறிப்பு மற்ற ஊர்களிலும், அங்கே சேர்த்த ஒரு படம் இங்கேயும் வந்துசேர்ந்ததைக் கண்ணாரக் கண்ட பிறகு அழியுங்கள். பெருந்தொகையான கோப்புகளை அழிப்பது நேரம் பிடிக்கும் வேலை. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கென்று மின்தடை அறிவித்திருக்கும் நாளில் அதைத் தொடங்க வேண்டாம்.